மேனேஜருக்கு ஒரு மெத்தை

மெத்தைக் கடையில் அவனுக்கு டாக்டர் என்று பெயர். படிப்பு அப்படியொன்றும் பெரிதில்லை. வாங்க வருகிறவர்களின் முதுகைப் பார்த்தே எந்த மெத்தை என்று சொல்லிவிடுவான் என்பதால் முதலாளி கிண்டலுக்கு வைத்த பெயர் அது. கிண்டல் என்று கடையில் மற்ற எல்லோருக்கும் தெரியும். இவன் மட்டும் அதைப் பட்டமாகவே வாங்கி வைத்துக்கொண்டான்.

அவன் வைத்தியம் ரொம்பச் சுலபம். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுவார்கள், யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார்கள், மெத்தையில் விறைத்துக்கொண்டு படுப்பார்கள், "நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். அந்தப் பேச்சை இவன் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுவான். அவர்கள் எழுந்திருக்கும்போதுதான் கண்ணை அகல விரிப்பான். எந்தக் கையை ஊன்றுகிறார்கள், எந்தப் பக்கம் புரள்கிறார்கள், உதட்டைக் கடிக்கிறார்களா, மூச்சைப் பிடிக்கிறார்களா. அவ்வளவு போதும் அவனுக்கு.

"வாய் பொய் சொல்லும், இடுப்பு சொல்லாது" என்பான். "படுக்கறவன் பேச்சைக் கேக்காதே, எழுந்திருக்கறவன் கையைப் பாரு." இதைக் கடையில் சொல்லுவான், டீக்கடையில் சொல்லுவான், வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தும் சொல்லுவான். கேட்டுக் கேட்டு அவன் மனைவிக்கும் அக்காவுக்கும் மனப்பாடமே ஆகிவிட்டது.

அப்படிப்பட்ட கெட்டிக்காரன் வீட்டில்தான் இந்தக் கூத்து. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

அவன் வீட்டில் ஒரு நாய் இருந்தது. அதன் பெயர் மேனேஜர். நாள் பூராவும் படுத்துக்கொண்டு, மற்றவர்கள் வேலை செய்வதை அரைக்கண்ணால் மேற்பார்வை பார்ப்பதால் அவன் மனைவி வைத்த பெயர். ஆகிருதியில் கன்றுக்குட்டி, வீரத்தில் பூனைக்குட்டி. வயதாகிவிட்டது. கொஞ்ச நாளாகப் பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்தது. கால்நடை மருத்துவர் அமுக்கிப் பார்த்துவிட்டு, "இடுப்பு மூட்டு தேஞ்சிருக்கு. வெறும் தரையில படுக்க விடாதீங்க. நல்லதா ஒரு மெத்தை போட்டுக் குடுங்க" என்றார்.

யாரிடம் போய் என்ன சொல்கிறார் பாருங்கள். நம் ஆளுக்குக் கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை. முதலில் சுற்றிலும் புசுபுசுவென்று திண்டு வைத்த வட்ட மெத்தை ஒன்று வந்தது. மேனேஜர் அதைச் சுற்றி வந்து மோந்து பார்த்துவிட்டு, தலையை மட்டும் திண்டின்மேல் வைத்து, பாக்கி உடம்பையெல்லாம் தரையில் போட்டுக்கொண்டது. அடுத்தது இரும்புச் சட்டத்தில் கித்தான் இழுத்துக் கட்டிய கட்டில். மேனேஜர் அதில் ஏற மறுத்தது. தூக்கி வைத்ததற்கு, சிறைக்குப் போகிறவன் மாதிரி எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்தது. நம் டாக்டர் விடவில்லை. நாய் எழுந்திருப்பதைத் தரையோடு தரையாகக் குப்புறப் படுத்துக் கவனித்தான். முன்காலை எங்கே ஊன்றுகிறது, இடுப்பை எப்போது தூக்குகிறது என்று தானே நாலு காலில் நின்று செய்தும் பார்த்தான்.

"நம்ம கல்யாணத்துக்குக்கூட நீங்க இவ்வளவு யோசிக்கலைங்க" என்றாள் மனைவி.

"அது அவசரத்துல முடிவு பண்ணது" என்றான் இவன்.

கடைசியில் கடையிலிருந்தே, அமுக்கினால் மெல்ல எழும்பும் உசத்தி ஃபோமை எடுத்து, மேனேஜரின் நீள அகலத்துக்கு வெட்டி, ஜிப் வைத்த உறை தைத்துக் கொண்டுவந்தான். அதைக் கூடத்தின் ஜன்னலோரத்தில் போட்டார்கள். போட்ட இடம் அக்கா சொன்னது. "அங்கதான்டா காத்து வரும், எனக்கும் பக்கத்துல இருக்கும், ராத்திரி அவன் முனகினா பாத்துப்பேன்" என்றாள். மேனேஜரை மூன்று மாடி இறக்கி ஏற்றுவது, சோறு வைப்பது, இடுப்புக்குத் தைலம் தேய்ப்பது எல்லாம் அவள்தான்.

அக்கா, அத்தான் தவறிப்போன பிறகு நாலு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவள். அந்த நாலு நாள் இன்னும் முடியவில்லை, யாரும் முடியவேண்டும் என்று சொன்னதுமில்லை. சின்ன வீடு, ஒரே ஒரு படுக்கையறை. அக்கா கூடத்தில், சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் சந்தில், ஒரு கம்பளியை இரண்டாக மடித்துப் போட்டுப் படுப்பாள். மற்றவர்கள் எழுந்து வரும்போது கம்பளி சோபாவுக்கு அடியில் போயிருக்கும், அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருக்கும், அங்கே ஒருத்தி படுத்திருந்தாள் என்பதற்கு அடையாளமே இருக்காது. அவள் எழுந்திருப்பதை அந்த வீட்டில் யாரும் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை.

இவன் கேட்காமலும் இல்லை. வந்த புதிதில் ஒரு தடவை, "உனக்கு ஒரு மெத்தை எடுத்துட்டு வரட்டுமாக்கா?" என்று கேட்டான்.

"எனக்கு எதுக்குடா தம்பி? எனக்குத் தரையிலதான் தூக்கம் வரும்" என்றாள் அவள்.

சரி, அவளே வேண்டாம் என்கிறாள் என்று விட்டுவிட்டான். கூடத்தில் மெத்தை கிடந்தால் நாலு பேர் வந்துபோகிற இடம் நன்றாகவா இருக்கும் என்ற யோசனையும் உள்ளே ஓடியது. வாய் பொய் சொல்லும் என்று ஊரெல்லாம் தமுக்கடித்தவன் அக்காவின் வாயை மட்டும் அப்படியே நம்பினான். நம்புவது அவனுக்குச் சௌகரியமாக இருந்தது, வேறொன்றுமில்லை.

மேனேஜரோ புது மெத்தையையும் மதிக்கவில்லை. காலையில் இவன் எழுந்து வரும்போதெல்லாம் அது தரையில்தான் கிடந்தது. ஆனால் ஆச்சரியம், மெத்தையில் மட்டும் நாளுக்கு நாள் பள்ளம் விழுந்துகொண்டு வந்தது.

"இவன் இதுல படுக்கறானா இல்லையாக்கா?" என்று கேட்டான்.

"படுக்கறான்டா. விடியறப்பதான் எறங்கிடறான்" என்றாள் அக்கா, அவன் முகத்தைப் பார்க்காமல்.

"அப்ப ஃபோம்தான் மட்டம். ஒரு நாய் படுத்தா இப்படியா உக்காந்துபோகும்? நான் எவ்வளவு பேர்கிட்ட இதை வாயாரப் புகழ்ந்து வித்திருக்கேன். கடைக்கு அனுப்பி மாத்தணும்."

"வேண்டாம்டா. நல்லாத்தான் இருக்கு. பழகினதைப் போய் எதுக்கு மாத்தறே?"

"உனக்கு இதெல்லாம் தெரியாதுக்கா, சும்மா இரு."

சொன்னவன் அந்த மெத்தையை உள்ளங்கையால் ஒரு தரம் தடவிப் பார்த்திருந்தால் போதும், கதை அங்கேயே முடிந்திருக்கும். தடவவில்லை. கடைக்குக் கிளம்பும் அவசரம். போன் போட்டுச் சொன்னதில், கடை வேனை ஓட்டும் வண்டிக்காரர் போகிற வழியில் கீழே வந்து நின்று ஹாரன் அடித்தார். இவனே மெத்தையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினான். அக்கா படிக்கட்டுவரை பின்னாலேயே வந்தாள்.

"உறையை மட்டுமாவது துவைச்சுக் குடுக்கறேனே. இன்னிக்கு ஒரு நாள் இருக்கட்டுமே."

"அழுக்கோடதான் அனுப்பணும். அப்பதான் அங்க பாத்தா தெரியும்" என்று சொல்லிக்கொண்டே இவன் இறங்கிப் போய்விட்டான்.

கடையில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது மெத்தையைத் திருப்பி அனுப்பினால் அதைப் பின்கட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். நட்டநடுவில் ஃபோம் வெட்டும் நீள மேஜை இருக்கிறது, அதன்மேல் போட்டு, உறையைக் கழற்றி, டாக்டர் அதைப் 'படிப்பான்'. உள்ளங்கையால் தடவிக்கொண்டே, இதில் படுத்தவர் எப்படிப்பட்டவர், எந்தப் பக்கம் சாய்வார், எங்கே வலி என்று சொல்லுவான். வாங்க வந்தவர்கள் வேடிக்கை பார்க்க வளைத்துக்கொள்வார்கள். ஃபோமில் குறையா, படுத்தவரிடம் குறையா என்பது கடைசியில் தெரிந்துவிடும். பாதிப் பேர் இந்த வேடிக்கைக்காகவே இன்னொரு மெத்தை வாங்கிக்கொண்டு போவதால் முதலாளிக்கு இதில் கொள்ளைப் பிரியம்.

அன்றைக்குக் கடையில் நல்ல கூட்டம். வண்டிக்காரர் மெத்தையைக் கொண்டுவந்து மேஜைமேல் தொப்பென்று போட்டார். "டாக்டர் வீட்டு கேஸே வந்திருக்கு" என்றார் முதலாளி எல்லோருக்கும் கேட்கும்படி. "நோயாளி ஒரு நாய்ங்க. வாங்க, வந்து பாருங்க."

சனங்கள் கூடினார்கள். இவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

"நோயாளி பேரு மேனேஜர்" என்று ஆரம்பித்தான். "வேலை, படுத்திருக்கறது. அனுபவம், பிறந்ததுலேர்ந்து."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் ஜிப்பை இழுத்து உறையைக் கழற்றினான். உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழே மெதுவாகத் தடவினான். பழகிய கை, பழகிய வாய். மனசு வருவதற்கு முன்னால் இரண்டும் போய்க்கொண்டிருந்தன.

"நாய் சுருண்டுதான் படுக்கும். சுருண்டு படுத்தா நடுவுல ஒரே பள்ளமா, சட்டி மாதிரி விழணும். இங்க பாருங்க, ரெண்டு பள்ளம் இருக்கு. மேல இருக்கறது சின்னது, இது தோள். கீழ பெருசு, இது இடுப்பு. ஒருக்களிச்சுப் படுத்திருக்கு, இடது பக்கமா. வலது பக்கம் வலி இருக்கணும், அந்தப் பக்கம் திரும்பினதே இல்ல. மெத்தை நீளம் பத்தலை, அதனால முழங்காலை வயித்தோட மடக்கிக்கிட்டு... இதோ, ஓரத்துல இந்த இடம் மட்டும் நசுங்கிப் போயிருக்கு பாத்தீங்களா? தினமும் எழுந்திருக்கறப்ப கையை ஊனி, முழு பாரத்தையும் இங்க போட்டு..."

அங்கே நின்றுவிட்டது பேச்சு. நாய்க்கு ஏது கை?

அவன் உள்ளங்கை அந்த நசுங்கிய இடத்தின்மேல் இருந்தது. அது ஒரு சின்னக் கையின் அளவு. ஜிப்பின் பல்லில் ஒரு முடி மாட்டியிருந்தது, நீளமாக, பாதி நரைத்து. அவன் அதை விரலால் இழுத்துக் கைக்குள் மூடிக்கொண்டான். காது இரண்டும் சுட்டன.

"என்ன டாக்டர், கை காலெல்லாம் வருது?" என்றார் வண்டிக்காரர். "உங்க வீட்டுல யாரை நாய் மெத்தையில படுக்கப் போட்டிருக்கீங்க?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. முன்னால் நின்ற ஒரு அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "வயசானவங்க மாதிரி தெரியுதே. பாவம், யாருங்க?" என்று கேட்டாள்.

கேள்வி நேராகத்தான் வந்தது. பதிலும் இரண்டே சொல்தான், 'எங்க அக்கா'. மெத்தைக் கடையில் வேலை பார்க்கிறவன், ஊருக்கே முதுகு பார்க்கிறவன், அவன் அக்கா நாயின் படுக்கையில் காலை மடக்கிக்கொண்டு படுக்கிறாள். இத்தனை பேர் நடுவில் அதைச் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. வேறொன்று எழுந்தது.

"வீட்டு வேலைக்கு வர்ற அம்மா" என்றான். "மத்தியானத்துல நாங்க இல்லாதப்ப கொஞ்சம் சாயறாங்க போலிருக்கு."

"அட, கெட்டிக்கார அம்மாதான். நாய் தரையில, அவங்க மெத்தையில" என்று முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். இவனும் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் பிற்பாடு அவனை அறுத்தது. சொன்னதையாவது வாய் தவறியது என்று சமாதானம் பண்ணிக்கொள்ளலாம். சிரித்ததற்கு எதைச் சொல்லிக்கொள்வது?

ஃபோமில் குறையில்லை என்றாகிவிட்டது. இருந்தாலும் டாக்டர் வீட்டு நாயல்லவா, முதலாளி கையோடு ஒரு புதுத் துண்டை வெட்டச் சொல்லி, ஓரத்துக்கு மட்டும் கெட்டி ஃபோம் வைத்து, வேனில் ஏற்றச் சொன்னார். "அந்தம்மா கை ஊன்ற இடம், ஸ்ட்ராங்கா இருக்கட்டும்" என்று ஒரு நகைச்சுவை வேறு. இவன், "நானும் போய்ட்டு வந்துடறேன் முதலாளி" என்று வண்டியில் ஏறிக்கொண்டான். வண்டிக்காரர் நல்ல மனுஷர், ஆனால் வாய் சும்மா இருக்காது. அவரைத் தனியாக வீட்டுக்கு அனுப்ப அவனுக்குத் துணிச்சல் இல்லை.

வழியில் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தான். வண்டிக்காரர் சிக்னலைத் திட்டினார், டயரைத் திட்டினார், தன் மச்சானைத் திட்டினார். நடுவில் எத்தனையோ இடைவெளி விழுந்தது. ஒவ்வொரு தடவையும் இவன் தொண்டையைச் செருமினான், அடுத்த திருப்பத்தில் சொல்லலாம் என்று வாயை மூடிக்கொண்டான்.

அப்போதுதான் அவனுக்குப் பழைய கட்டில் ஒன்று ஞாபகம் வந்தது. சின்ன வயதில் அவர்கள் வீட்டில் பிள்ளைகளுக்கென்று இருந்தது ஒரே கட்டில். இவனுக்கு ஓயாத இருமல். "தம்பி கட்டில்ல படுக்கட்டும்மா, எனக்குத் தரையிலதான் தூக்கம் வரும்" என்று அக்கா அம்மாவிடம் சொன்னாள். அதே வார்த்தைதான், ஒரு எழுத்து மாறவில்லை. அப்போது இவன் குழந்தை, நம்பினான். இப்போது தலையில் நரை விழுந்த பிறகும் நம்பினான் என்றால் அதற்கு என்ன பெயர் வைப்பது? வண்டி அவன் தெருவுக்குள் திரும்பியது. அவன் இன்னும் சொல்லவில்லை.

கதவைத் திறந்தது அக்கா. பின்னால் மேனேஜர், வாலை ஆட்டிக்கொண்டு. மெத்தையைத் தோளில் வைத்துக்கொண்டு, போட்ட ஷூவோடு வண்டிக்காரர் முன்னால் நுழைந்தார். இவன் மூச்சிரைக்க இரண்டு படி கீழே இருந்தான்.

"நீங்கதானாம்மா அது?" என்றார் வண்டிக்காரர், சிரித்த முகமாகவே. "நாய் மெத்தையில படுத்துப் பள்ளம் பண்ணிட்டீங்களே. கடையில அத்தனை பேர் முன்னாடி சார் கண்டுபிடிச்சிட்டார். வேலைக்கு வர்ற அம்மாதான் மத்தியானத்துல சாயறாங்கன்னு சொல்லிட்டார்."

அக்கா அவரைத் தாண்டி, படியில் நின்ற தம்பியைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூட அவன் தாங்கிக்கொண்டிருப்பான். அவள் பார்த்தது அப்படியில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் இவன் ஏதாவது தப்புச் செய்து மாட்டிக்கொண்டு நிற்கும்போது, என்ன சொல்லி இவனைக் காப்பாற்றலாம் என்று யோசிப்பாளே, அந்தப் பார்வை.

"ஆமாங்க, நாந்தான்" என்றாள் வண்டிக்காரரிடம். "தெரியாமப் படுத்துட்டேன். இனிமே படுக்கமாட்டேன்."

பிறகு ஒதுங்கி நின்று, கதவை அகலத் திறந்துவிட்டு, தம்பியிடம் சொன்னாள்: "உள்ள வாங்க சார். ரெண்டு பேருக்கும் டீ போடட்டுங்களா?"

அவன் சரியென்று தலையை ஆட்டினான். ஆட்டியிருக்க வேண்டாம்.

டீ வந்தது. வண்டிக்காரர் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து குடித்தார். இவன் விளிம்பில் உட்கார்ந்து குடித்தான். அக்கா உட்காரவில்லை, சமையலறை வாசலில் நின்றாள். தம்ளரை வாங்க வந்தபோதும் வாங்க போங்க என்றுதான் பேசினாள். வேஷத்தை அவள் அவ்வளவு நேர்த்தியாகப் போட்டாள். இவன் தம்ளரைச் சாய்த்துப் பிடித்ததில் டீ சட்டையில் சிந்தியது. அவள் கை தானாக முன்னால் வந்து துடைக்கப் போனது, பாதியில் நினைவு வந்து பின்னால் போய்விட்டது. அதையும் இவன் பார்த்தான்.

வண்டிக்காரர் போன பிறகு அக்கா புது மெத்தையை ஜன்னலோரத்தில் இழுத்துப் போட்டு, மேனேஜரை அதன்மேல் தட்டிக்கொடுத்து உட்கார வைத்தாள்.

"அக்கா" என்றான்.

"இவன் படுக்கமாட்டேன்னான்டா" என்றாள் அவள், நாயைத் தடவிக்கொண்டே. "நீயும் ஆசையா செஞ்சுகிட்டு வந்துட்டே. சரி, பழக்கலாம்னு நான் முதல்ல படுத்துக் காட்டினேன். அப்புறம்..."

"அப்புறம்?"

"இடுப்புக்கு நல்லா இருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு, தம்ளர் கழுவ உள்ளே போனாள். இவன் கூடத்தில் நின்றான். நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்பார்களே, மூன்றாவது மாடியில் அதற்கும் வழியில்லை.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். கடையில் சிரித்ததையும் விடாமல் சொன்னான். அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"உங்க அக்கா சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுப் படி இறங்கறாங்கன்னு நான் உங்ககிட்ட சொன்னேன்" என்றாள். "அவங்களுக்குத் தரைதான் பிடிக்கும்னீங்க. நானும் சொன்னதோட சரின்னு விட்டுட்டேன்." அவளுக்கும் முகம் கறுத்துப் போயிருந்தது.

மறுநாள் கடை திறந்ததும் இவன் நேராக அந்த வெட்டு மேஜையிடம் போய் நின்றான். முதலாளி இருந்தார், தையல் போடுகிற பெண்கள் இருந்தார்கள், வண்டிக்காரர் வேன் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றார். கூட்டம் இன்னும் வரவில்லை. கூட்டத்தில் சொன்ன பொய்யைக் கூட்டத்தில்தான் எடுக்க வேண்டும், ஆனால் கூட்டம் வரும்வரை காத்திருந்தால் மறுபடி நாக்கு மடங்கிவிடும் என்று பயந்து, அங்கே இருந்தவர்களிடமே சொன்னான்.

"நேத்து நான் சொன்னது பொய். அது வேலைக்கு வர்றவங்க இல்ல. எங்க அக்கா. கூடப் பிறந்தவங்க. என்னைத் தூக்கி வளர்த்தவங்க. எங்க வீட்டுல அவங்களுக்குப் படுக்க ஒரு மெத்தை இல்ல, அதனால நாய் மெத்தையில படுத்தாங்க."

முதலாளி மேஜைமேல் இருந்த கத்திரிக்கோலை எடுத்து வேறிடத்தில் வைத்தார். பிறகு மறுபடி பழைய இடத்திலேயே வைத்தார். தையல்காரப் பெண்களில் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டு மெஷினை ஓட்டினாள். வண்டிக்காரர் கையில் சாவி நின்றுவிட்டது.

"எனக்கு டீ கொண்டு வந்து குடுத்தாங்களே சார்" என்றார்.

"ஆமா."

"நான் ஷூவோட உக்காந்து வாங்கிக் குடிச்சேனே. நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க."

"ஆமா."

"உங்க மானத்தைக் காப்பாத்திக்க என் வாயால அந்தம்மாவை இப்படி அவமானப்படுத்த வச்சிட்டீங்களே சார்" என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்று முழுக்கக் கடையில் அவனை யாரும் டாக்டர் என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் அவன் திரும்பியிருக்கவும் மாட்டான்.

அன்று மத்தியானமே வேன் மறுபடி அவன் வீட்டு வாசலில் நின்றது. உள்ளே ஒரு கட்டில், ஒரு ஆள் தாராளமாகக் காலை நீட்டிப் படுக்கும் மெத்தை. வண்டிக்காரர் வழி நெடுக மச்சானைக்கூடத் திட்டவில்லை. மூன்றாம் மாடிக்கு வந்ததும் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"அக்கா, எங்க போடணும்னு சொல்லுங்க" என்றார்.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அவள் தம்பியைப் பார்த்தாள். தம்பி தரையைப் பார்த்தான். "சோபாவை எடுத்துடலாம்" என்று அவன்தான் சொன்னான். சோபாவைப் பால்கனிக்குத் தள்ளினார்கள். அந்தச் சந்து இருந்த இடத்தில் கட்டில் வந்தது, மெத்தை வந்தது. கூடத்தில் நடக்க இடமில்லாமல் போயிற்று. நாலு பேர் வந்தால் நிற்கட்டும்.

வண்டிக்காரர் டீ வேண்டாம் என்றார். அக்கா விடவில்லை, உட்கார வைத்துக் கொடுத்தாள். அவர் கட்டில் பக்கம் திரும்பாமல், தரையைப் பார்த்துக்கொண்டே குடித்துவிட்டு, "வரேன்க்கா" என்று சொல்லி இறங்கிப் போனார்.

"படுத்துப் பாருக்கா" என்றான் இவன்.

அக்கா விளிம்பில் உட்கார்ந்தாள், மெல்லச் சாய்ந்தாள், இடது பக்கமாகத் திரும்பினாள். முழங்காலைப் பழக்க தோஷத்தில் மடக்கினாள், பிறகு இடமிருப்பது தெரிந்து ஒவ்வொன்றாக நீட்டினாள். மேனேஜர் ஜன்னலோரத்தில் தன் மெத்தையில் படுத்தபடி மேற்பார்வை பார்த்தது.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குடா."

சொல்லிவிட்டு அவள் எழுந்தாள். கையை ஊன்றவில்லை. இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு, பதினாறு வயதுப் பெண் மாதிரி விருட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். நெற்றியில் மட்டும் வேர்வை அரும்பியிருந்தது, கழுத்து நரம்பு விடைத்துக்கொண்டிருந்தது. எழுந்திருக்கறவன் கையைப் பாரு என்று அவளுக்குத் தெரியாதா என்ன? எத்தனை வேளை சோறு போட்டுக்கொண்டே கேட்டிருக்கிறாள்.

அவன் தொழிலில் அவன் பார்த்ததிலேயே சுத்தமான பொய் அதுதான்.

"அக்கா" என்றான். "மறுபடி படு. கையை ஊனி எழுந்திரு."

"சார் பாக்கறப்பவா?" என்றாள் அவள்.

கேலி மாதிரித்தான் கேட்டாள், ஆனால் அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. மன்னிப்பு என்று ஒரு சொல் இருக்கிறது, அதை இத்தனை வருஷம் கழித்து எந்த வாயால் எடுப்பது? அவன் போய், கட்டில் தலைமாட்டில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். கம்பளி உரசி உரசி அந்த இடத்தில் சுண்ணாம்பு தேய்ந்திருந்தது.

"பாக்கலக்கா" என்றான்.

பிறகு மெத்தை அவள் பாரத்தை வாங்கிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அப்புறம் அவனுக்குப் பின்னால், ஓரத்தில், ஒரு உள்ளங்கை அழுந்தி ஊன்றுகிற சத்தமும், அந்த வீட்டில் அதுவரை யாருமே கேட்டிராத ஒரு முனகலும் வந்தன. மேனேஜர் காலை இழுத்து இழுத்து எழுந்து அவளிடம் போயிற்று. அவன் திரும்பவில்லை.